முட்டிச்சில்லு அடிக்கடி விலகுது: புது ஜவ்வை இறுக்கிக் கட்டினா போதாதா?

குடியாத்தத்தான் | 11-01-2025, இரவு 8.10

தங்கச்சிக்கு 19 வயசு. வலது முட்டிச்சில்லு இதுவரைக்கும் மூணு தடவை வெளிப்பக்கமா விலகியிருக்கு. கடைசியா பஸ் படியில இறங்கும்போது. எம்பிஎஃப்எல் ஜவ்வு (சில்லை உள்பக்கமாத் தொடையெலும்போட பிணைக்கிறது) போயிடுச்சு, தொடையிலேர்ந்து தசைநாண் எடுத்துப் புதுசா வைக்கணும்னு சொல்றாங்க. அதோட முட்டிக்குக் கீழ எலும்பை வெட்டி நகர்த்தணும்னும் எழுதியிருக்கு. புது ஜவ்வையே நல்லா இறுக்கிக் கட்டிட்டா சில்லு எங்க போகப்போகுது? எலும்பை எதுக்கு வெட்டணும்?

ரிப்போர்ட்ல இருக்கிறது: டிடி-டிஜி 22 மி.மீ. (சி.டி. ஸ்கேன்), கேட்டன்-டெஷாம் 1.3, டிராக்லியா டிஸ்பிளேசியா டைப் பி.

முட்டிமேஸ்திரி | 11-01-2025, இரவு 9.45

இறுக்கவே கூடாது தம்பி. இந்த ஆபரேஷன் கெட்டுப்போற வழிகள்ல முதல் வழி அதுதான்.

எம்பிஎஃப்எல் சில்லை உள்பக்கமா இழுத்து வைக்கிற பட்டை இல்ல. மாட்டுக்குக் கட்டுற தும்பு மாதிரி. மேயற வரைக்கும் தளர்வாக் கிடக்கும், வேலியைத் தாண்டப் போனாத்தான் விறைக்கும். கால் நீட்டின நிலையிலேர்ந்து 30 டிகிரி மடங்குற வரைக்கும் சில்லு தொடையெலும்புப் பள்ளத்துக்குள்ள சரியா இறங்கியிருக்காது. அந்த நேரத்துல வெளிப்பக்கம் ஓடாமத் தடுக்கிற பலத்துல 50, 60 சதவீதம் இந்த ஒரு பட்டைக்குத்தான். அதுக்கு மேல மடக்கினா பள்ளமே பிடிச்சுக்கும், ஜவ்வு தளரும். தளர்ந்தே ஆகணும்.

அசல் பட்டையோட நீளம் ஏறக்குறைய 55 மி.மீ. அறுபடுற பலம் 200 நியூட்டனை ஒட்டி. அதுக்குப் பதிலா வைக்கிற கிராசிலிஸ் (தொடை உள்பக்கத்துத் தசை) தசைநாண் அதைவிடப் பல மடங்கு வலு. தப்பா இறுக்கிட்டா அது விட்டுக்கொடுக்காது, உள்பக்கக் குருத்தெலும்புதான் தேயும். பிணக்கால்ல அளந்து பார்த்தப்போ 2 நியூட்டன் இழுப்பே போதும்னு வந்திருக்கு. அதாவது 200 கிராம் எடை தொங்குற அளவு. சில்லு இருக்கவேண்டிய இடத்துல இருக்க, கிராஃப்ட், அதாவது புதுசா வைக்கிற அந்தத் தசைநாண், தொய்வில்லாம நின்னாப் போதும்.

எலும்பு விஷயம் நாளைக்கு.

ஆற்காட்டான் | 11-01-2025, இரவு 10.20

ஆபரேஷன் தியேட்டர்ல புதுசா வர்றவங்க ஸ்க்ரூ போடறப்ப கிராஃப்டைக் கையில சுத்திகினு தேர்வடம் மாதிரி இழுத்துகினு நிப்பாங்க. அதுக்குமேல ஸ்க்ரூ வேற திருகத் திருக கிராஃப்டைக் கொஞ்சம் உள்ள வாங்கும். இவரு இழுத்தது பாதி, ஸ்க்ரூ இழுத்தது மீதி. அதனாலதான் நம்ம சாருங்க ஸ்க்ரூ போட்டதும் முட்டியை ஒருதடவ முழுசா மடக்கிப் பாக்கறது. மடங்கலன்னா அங்கியே கழட்டிடணும். ‘பிசியோல சரியாயிடும்’னு மூடிட்டு வந்தா அந்தக் கஷ்டம் நம்ம பிசியோ பாகாயம் அக்கா தலையில.

பாகாயம்_பிசியோ | 12-01-2025, காலை 6.30

அதே. இறுகின கிராஃப்டை மடக்கி மடக்கித் தளர்த்த முடியாது. பேஷன்ட் அழுறதுதான் மிச்சம். சில்லைச் சுத்தித் தசை ஒட்டிக்கிட்டு மடங்காம இருக்கிறது வேற, அது வாரா வாரம் 5, 10 டிகிரி கூடும். கிராஃப்ட் இறுக்கத்துல ஒரு கட்டத்துக்கு மேல சுவத்துல முட்டின மாதிரி நிக்கும், சில்லோட உள்பக்க ஓரத்துல வலி காட்டுவாங்க. 6 வாரத்துக்குள்ள 90 டிகிரி வரலன்னா எக்ஸ்ரே எடுத்து டன்னல் (கிராஃப்டை நுழைக்கிற எலும்புத் துளை) எங்க இருக்குன்னு பாருங்கன்னு எழுதி அனுப்பறதுதான் நல்லது.

முட்டிமேஸ்திரி | 12-01-2025, இரவு 9.15

தங்கச்சி ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

டிடி-டிஜி 22. தொடையெலும்புப் பள்ளத்தோட அடிப்புள்ளிக்கும், கீழெலும்புல சில்லுத் தசைநாண் ஒட்டுற மேட்டுக்கும் நடுவுல குறுக்குவாட்டுல இருக்கிற தூரம். சி.டி.யில 20ஐத் தாண்டினா அதிகம். தொடைத்தசை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் சில்லை வெளிப்பக்கமாவே இழுக்குதுன்னு அர்த்தம். எம்ஆர்ஐயில அளந்தா அதே முட்டிக்கு சில மி.மீ. குறைச்சலாக் காட்டும், அதனால எதுல அளந்ததுன்னு கேட்காம இந்த நம்பரைப் பத்திப் பேசறதே வீண். நீங்க சி.டி.ன்னு போட்டது நல்லது.

கேட்டன்-டெஷாம் 1.3. சில்லோட குருத்தெலும்புப் பரப்பு நீளத்தால, அதோட கீழ்நுனியிலேர்ந்து கீழெலும்பு மேல்முனை வரைக்கும் இருக்கிற தூரத்தை வகுக்கிறது. 1.2க்கு மேல போனா சில்லு உயரத்துல உக்காந்திருக்கு. மடக்க ஆரம்பிச்சா பள்ளத்தைச் சேர நேரமாகும், அந்த இடைவெளியிலதான் வழுக்கும். உதாரணத்துக்குச் சில்லுப் பரப்பு 30 மி.மீ., கீழ தூரம் 39 மி.மீ.ன்னா 1.3. அதை 1.1க்குக் கொண்டுவர 33 வேணும், ஆக எலும்பு மேட்டை 6 மி.மீ. கீழ இறக்கணும். கூடவே உள்பக்கம் 8, 10 மி.மீ. நகர்த்தினா 22ங்கிறது 12–14க்கு வந்துடும். ரெண்டும் ஒரே வெட்டுலயே முடியும்.

இந்த ரெண்டையும் விட்டுட்டு ஜவ்வு மட்டும் வெச்சா, தினமும் வெளிப்பக்கம் இழுக்கிற தசைக்கு எதிரா ஒரு பட்டை தனியா நிக்கணும். சில பேருக்கு நிக்கும். சில பேருக்குக் கொஞ்சங்கொஞ்சமா நீண்டுபோகும். 22, 1.3 ரெண்டும் கோட்டைத் தாண்டியிருக்கிற 19 வயசுப் பொண்ணுக்கு உங்க டாக்டர் எழுதியிருக்கிறது நியாயமான திட்டம்தான்.

டிராக்லியா டிஸ்பிளேசியா டைப் பி: சில்லு ஓடுற தொடையெலும்புப் பள்ளம் தட்டையா இருக்கு, மேல்முனையில ஒரு துருத்தல். பள்ளத்தையே செதுக்குற டிராக்லியோபிளாஸ்டி தனி ஆபரேஷன். துருத்தல் பெருசா இருந்து, கால் நீட்டும்போது சில்லு வெளிப்பக்கம் குதிச்சு ஓடுற ‘ஜே’ அடையாளம் பலமா இருந்தாத்தான் அது. எல்லாருக்கும் இல்ல.

குடியாத்தத்தான் | 13-01-2025

நன்றி அண்ணா. வீட்டுல பாட்டி புத்தூர் கட்டு போட்டுட்டு வரலாம்ங்கிறாங்க. முதல் தடவை விலகினப்போ கட்டு போட்டுத்தான் சரியாச்சுன்னு அவங்க கணக்கு.

ஆற்காட்டான் | 13-01-2025

வடாற்காட்டுல எலும்புன்னு எழுதினா ரெண்டாம் நாள் புத்தூர் வந்தே ஆகணும். வந்துடுச்சு.

முட்டிமேஸ்திரி | 13-01-2025

பாட்டி சொல்றதுல ஒரு உண்மை இருக்கு. முதல் தடவை விலகினா பெரும்பாலும் ஆபரேஷன் இல்ல. ரெண்டு மூணு வாரம் அசைவு குறைச்சு, அப்புறம் பிசியோ. அந்த ரெண்டு மூணு வாரத்தைக் கட்டு கொடுக்குது, பேரு கட்டுக்குப் போகுது. மறுபடியும் விலகாம இருக்கிறவங்கதான் அதிகம். ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்குத் திரும்ப வரும், சின்ன வயசும் தட்டைப் பள்ளமும் சேர்ந்தா அதைவிட அதிகம். ரெண்டாவது தடவையும் விலகிட்டா கட்டுக்கு அங்க வேலையில்ல.

ஆனா முதல் தடவையே ரெண்டு விஷயம் பார்த்தாகணும். முட்டி சில மணி நேரத்துல பலூன் மாதிரி வீங்கினா உள்ள ரத்தம். ஊசியில எடுத்த ரத்தத்துமேல எண்ணெய்ச் சொட்டு மாதிரி கொழுப்பு மிதந்தா எலும்போட குருத்தெலும்பு பேர்ந்திருக்கு. பேர்ந்த துண்டு 1 செ.மீ. அளவோ அதுக்கு மேலயோ இருந்தா முதல் சில வாரத்துக்குள்ளயே திரும்ப ஒட்டணும். எண்ணெய் போட்டுத் தேய்ச்சு மாசக்கணக்குல விட்டா அந்தத் துண்டு ஓரம் மழுங்கி, பொருந்தாமப் போயிடும். அப்புறம் எடுத்து வெளியதான் போடணும்.

விலகின சில்லைப் பக்கத்துல இருக்கிறவங்க அடிச்சுத் தள்ளக் கூடாது. இடுப்பை மடக்கி உக்காரவெச்சு, முட்டியை மெதுவா நீட்டிக்கிட்டே சில்லை உள்பக்கமா இலேசாத் தாங்கினா பெரும்பாலும் தானே ஏறிடும். அதுக்கப்புறம் எக்ஸ்ரே, அதுல சில்லை மேலிருந்து பார்க்கிற ஸ்கைலைன் படமும் சேர்த்து.

கபடி_கோச்_திருவலம் | 15-01-2025

பசங்களுக்கு முட்டி வெளிப்பக்க ஜவ்வை மட்டும் குழாய் வழியா வெட்டிவிட்டா சில்லு உள்ள வந்துடும், சின்ன ஆபரேஷன், அதே போதும்னு ஒரு இடத்துல சொன்னாங்க. அது ஏன் இங்க யாரும் எழுதல?

முட்டிமேஸ்திரி | 15-01-2025

லேட்டரல் ரிலீஸ். சில்லு சாய்ஞ்சு வெளிப்பக்கம் அழுந்தி வலி இருக்கிறவங்களுக்குத்தான் அதுக்கு ஒரு சின்ன இடம் உண்டு. விலகுற சில்லுக்குத் தனியா அதை மட்டும் செஞ்சா உபத்திரவம். வெளிப்பக்கப் பட்டையும் சில்லு வெளியே போறதைக் கொஞ்சம் தடுக்கிற ஒண்ணுதான், அதையும் வெட்டிவிட்டா இன்னும் ஆடும். அளவுக்கு மீறி வெட்டினவங்களுக்குச் சில்லு உள்பக்கமா விலகினதும் உண்டு. வெளிப்பக்கம் நிஜமாவே இறுகியிருந்தா வெட்டாம நீளமாக்கித் தைக்கிறதுதான் இப்போ வழக்கம்.

சில்லு வைத்தியத்துல இப்படி ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு தப்பு உண்டு. 1938ல வந்த ஹாவுசர் முறையைப் பாருங்க. ஹாவுசர் எலும்பு மேட்டை உள்பக்கம் நகர்த்தினார், சரி. அந்த இடத்துல கீழெலும்பு பின்பக்கமாச் சரியும், அதனால மேடு பின்னாலயும் போயிடுச்சு. சில்லு தொடையெலும்புமேல அழுந்தித் தேய்ஞ்சுது. 1983ல ஃபுல்கர்சன் வெட்டைச் சாய்வாப் போட்டார், உள்பக்கம் நகரும்போதே மேடு முன்னாடியும் வருது, அழுத்தம் குறையுது. இப்போ தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறது அந்தக் குடும்பத்துல வந்ததுதான்.

ஆற்காட்டான் | 15-01-2025

தசைநாணை ஒரு எடத்துலேர்ந்து எடுத்து இன்னொரு எடத்துல வெக்கிறது வேலூருக்குப் புதுசு இல்ல. டாக்டர் பால் பிராண்ட் 1946ல இங்க வந்து, தொழுநோய்ல மடங்கிப்போன விரலுங்களுக்கு அதைத்தான் செஞ்சாரு. கரிகிரிப் பக்கம் பழைய ஆளுங்களைக் கேட்டா இன்னும் சொல்லுவாங்க.

முட்டிமேஸ்திரி | 19-01-2025, ஞாயிறு

சில பேர் தனியாக் கேட்டதால ஆபரேஷன் எப்படி நடக்குதுன்னு எழுதறேன். கொஞ்சம் நீளம்.

முதுகுல ஊசி. மயக்கின பிறகு முட்டியைக் கையால சோதிக்கணும், பயமில்லாதப்போ சில்லு எவ்வளவு ஓடுதுன்னு அப்போதான் தெரியும். அப்புறம் ஆர்த்ராஸ்கோப்பி (குழாய்க் கேமராவை மூட்டுக்குள்ள விட்டுப் பார்க்கிறது): குருத்தெலும்பு எந்த நிலையில இருக்கு, துண்டு ஏதாவது மிதக்குதான்னு பார்க்க.

கிராசிலிஸ் எடுக்க, எலும்பு மேட்டுக்கு உள்பக்கம் ரெண்டு மூணு செ.மீ. தள்ளி 3 செ.மீ. வெட்டு. சார்டோரியஸ் தசையோட உறைக்கு அடியில மேல இருக்கிறது கிராசிலிஸ், கீழ இருக்கிறது செமிடெண்டினோசஸ். பக்கவாட்டுல போற நாரை எல்லாம் விடுவிச்சுட்டுத்தான் ஸ்டிரிப்பர் (தசைநாணை உருவுற கருவி) ஏத்தணும். ஒரு நார் மிச்சமிருந்தாலும் ஸ்டிரிப்பர் அதோட திரும்பி தசைநாணைப் பாதியிலயே அறுத்துக் கொடுக்கும். ரெண்டா மடிச்சு 9, 10 செ.மீ. வேணும், அதனால மொத்தம் 18லேர்ந்து 20 செ.மீ. ரெண்டு நுனியும் 2ஆம் நம்பர் கரையாத நூலால பின்னல் தையல். வேலை முடியற வரைக்கும் ஈரத்துணியில சுத்தியே இருக்கணும். நிறைய இடத்துல அந்தத் துணியை வான்கோமைசின்ங்கிற கிருமி மருந்துல நனைப்பாங்க.

சில்லுப் பக்கம்: உள்பக்க ஓரத்தோட மேல்பாதி. இங்க ரெண்டு கட்சி. சில்லுக்குக் குறுக்கா முழுசா டன்னல் போடுறவங்க ஒண்ணு, சின்ன ஆங்கர் (எலும்புல பதிக்கிற, நூல் கோத்த ஆணி) ரெண்டு போடுறவங்க ஒண்ணு. நான் ஆங்கர் கட்சி. நம்ம பக்கத்துப் பொண்ணுங்க சில்லு சின்னது. அதுல 4.5 மி.மீ. துளை ரெண்டு இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் போனா, மாடிப்படியில காலை மடக்கி வழுக்கினாலே குறுக்கா உடையலாம். துளை சில்லோட முன்பக்கக் கெட்டி எலும்பைத் தொட்டிருந்தா இன்னும் மோசம். ஆங்கர் ரெண்டுக்கும் நடுவுல 15, 20 மி.மீ. இடைவெளி. ஆங்கர் போடுற இடத்துல எலும்பை இலேசாச் சுரண்டி ரத்தம் கசியவிட்டாத்தான் கிராஃப்ட் எலும்போட பிடிக்கும். கிராஃப்ட் போற பாதை ரெண்டாவது படலத்துக்கும் மூட்டுறைக்கும் நடுவுல. மூட்டுக்குள்ள போகக் கூடாது.

தொடையெலும்புப் பக்கம்தான் எல்லாம். தொடையெலும்போட உள்பக்கத்துல இருக்கிற ரெண்டு மேடு, அடக்டர் முண்டுக்கும் உள்பக்க எபிகாண்டைலுக்கும் நடுவுல இருக்கிற சின்னப் பள்ளம். விரலால தடவிக் கண்டுபிடிக்கலாம், ஆனா விரலை நம்பிட்டு டிரில் எடுக்கக் கூடாது. 2007லேர்ந்து எல்லாரும் வெச்சுக்கிற கணக்கு ஷாட்டில் புள்ளி: சரியான பக்கவாட்டு எக்ஸ்ரேயில, தொடையெலும்பின் பின்பக்கக் கோட்டை நீட்டி, அதுக்கு 1 மி.மீ. முன்னாடி, உள்பக்கக் குமிழோட (தொடையெலும்பு கீழ்முனை உருண்டை) பின்வளைவு ஆரம்பிக்கிற இடத்துக்கு 2.5 மி.மீ. கீழ, புளூமன்சாட் கோட்டோட (ரெண்டு குமிழுக்கும் நடுப்பள்ளத்தோட கூரை) பின்முனை மட்டத்துக்கு மேல.

கைடு வயரை (டிரில்லுக்கு வழிகாட்டுற கம்பி) அங்க நிறுத்தி, கிராஃப்டை இல்லன்னா ஒரு நூலை வயர்ல சுத்தி, முட்டியை 0லேர்ந்து 90 வரைக்கும் மடக்கிப் பார்க்கணும். மடக்கும்போது நூல் இறுகினா வயர் மேல போயிருக்கு. மடக்கும்போது ரொம்பத் தொய்ஞ்சு, நீட்டும்போது இறுகினா கீழ இறங்கியிருக்கு. மேல போனது ரெண்டுல ஆபத்தானது. கீழ போனா சில்லு திரும்ப ஆடும், மேல போனா மடங்காது, உள்பக்கம் தேயும். சரியா வந்தா 6 அல்லது 7 மி.மீ. டன்னல், கிராஃப்ட் 20, 25 மி.மீ. உள்ள. முட்டியை 30 டிகிரியில வெச்சு, சில்லோட வெளியோரமும் பள்ளத்தோட வெளியோரமும் சமமா இருக்கும்போது ஸ்க்ரூ. கடைசியாச் சில்லை வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்தா, அகலத்துல கால்வாசியிலேர்ந்து பாதி வரைக்கும் நகர்ந்து, ‘டக்’குனு நிக்கணும். நகரவே இல்லன்னா அது ஆபரேஷன் இல்ல, ஆணி அடிச்சது.

எலும்பும் நகர்த்துறதா இருந்தா அதை முதல்ல ஸ்க்ரூ போட்டு முடிச்சுட்டு, கிராஃப்டைக் கடைசியாத்தான் கட்டணும். சில்லு இருக்கிற உயரமே மாறுது, முன்னாடியே கட்டின கணக்கு செல்லாது.

ஆற்காட்டான் | 19-01-2025

‘சரியான பக்கவாட்டு எக்ஸ்ரே’ன்னு ஒரு வார்த்தையில எழுதிட்டாரு. அதுலதான் தியேட்டர்ல பாதி நேரம் போகும். ரெண்டு குமிழும் பின்பக்கமும் அடிப்பக்கமும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்து ஒரே கோடாத் தெரியணும். 5 டிகிரி திரும்பியிருந்தாலே புள்ளி சில மி.மீ. ஓடிடும். நான் செய்யறது: அடுத்த காலைக் கீழ இறக்கியோ தனி ஸ்டாண்டுல தூக்கியோ வழியிலேர்ந்து எடுத்துடறது. சி-ஆர்ம் (தியேட்டர் எக்ஸ்ரே மெஷின்) அசையாது, காலைத்தான் திருப்பணும். அடிப்பக்கம் பொருந்தலன்னா கால் அகட்டியோ ஒடுக்கியோ இருக்கு. பின்பக்கம் பொருந்தலன்னா கால் உருண்டிருக்கு, குதிகாலுக்கு அடியில துணிச்சுருள் வெச்சு உருட்டணும். சில்லு படத்துல தெரியுதா தெரியலையான்னு பாக்கக் கூடாது, குமிழைத்தான் பாக்கணும். கிடைச்சதும் மெஷினைப் பூட்டிடணும், சிஸ்டர் டிராலி இடிச்சா மறுபடியும் முதல்லேர்ந்து.

சின்னஎலும்பு | 20-01-2025

மேஸ்திரி சார் எழுதின ஷாட்டில் கணக்கு வளர்ந்த எலும்புக்கு. அதை அப்படியே 11, 12 வயசுப் பசங்களுக்குப் போட்டுடாதீங்க. தொடையெலும்போட கீழ்வளர்ச்சித் தட்டு நேர்கோடு இல்ல, அலையா இருக்கும். அதனால பக்கவாட்டுப் படத்துல ஜவ்வு ஒட்டுற இடம் தட்டுக்கு மேல இருக்கிற மாதிரி பொய்யாத் தெரியும், நிஜத்துல தட்டுக்குக் கீழதான் இருக்கும். நேர்ப் படமும் எடுத்து உறுதி பண்ணிட்டு, டன்னலைத் தட்டைத் தொடாம முன்னாலயும் கீழயும் சாய்க்கணும். இல்லன்னா எலும்புல துளையே போடாம அடக்டர் தசைநாணைச் சுத்திக் கிராஃப்டை வளைச்சுத் தைக்கிற முறை.

எலும்பு மேட்டை நகர்த்துறது வளர்ற பசங்களுக்குக் கிடையாது. அங்கயும் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கு. அது முன்னாடி மூடிக்கிட்டு பின்பக்கம் மட்டும் வளர்ந்தா முட்டி பின்னால வளைஞ்சிடும். பொண்ணுங்களுக்கு 14–16, பசங்களுக்கு 16–18ல தட்டு மூடும். வயசை வெச்சு முடிவு பண்ணாம எக்ஸ்ரேயைப் பார்க்கணும். தங்கச்சிக்கு 19, கவலை இல்ல.

முட்டிமேஸ்திரி | 20-01-2025

சரியான சேர்க்கை. இன்னொண்ணும் இழைக்குள்ள வரணும். வலி மட்டும் இருந்து, சில்லு விலகினதே இல்லாதவங்களுக்கு இந்த ஆபரேஷன் இல்ல. படியேறினா வலி, சினிமா தியேட்டர்ல மடக்கி உக்காந்தா வலின்னு வர்ற ஆளுக்கு எம்ஆர்ஐயில ‘பள்ளம் லேசா தட்டை’ன்னு ஒரு வரி இருந்துட்டா ஜவ்வு வைக்கக் கிளம்பிடக் கூடாது. வலி அதிகமாகும்.

குடியாத்தத்தான் | 02-03-2025

ஆபரேஷன் முடிஞ்சுது, எலும்பும் சேர்த்து. வீட்டுக்கு வந்தாச்சு. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் பத்தியும் கேட்டிருந்தேன், அதையும் எழுதுங்க, அடுத்தவங்களுக்கு ஆகும். இப்போ பிசியோ எப்படி?

ஆற்காட்டான் | 02-03-2025

காப்பீடு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல ஆபரேஷன் பேரை எழுதிக் கொடுத்து, ஆங்கர், ஸ்க்ரூ செலவு பேக்கேஜுக்குள்ள வருதா வெளியவான்னு கேட்டுடணும். ரெண்டு ஆங்கரும் ஒரு ஸ்க்ரூவுந்தான் பில்லை ஏத்தும்.

பாகாயம்_பிசியோ | 03-03-2025

எலும்பு வெட்டினதால கணக்கு வேற. ஜவ்வு மட்டும்னா பிரேஸ் போட்டு, ஊன்றுகோலோட தாங்கற அளவு மிதிக்கலாம். தங்கச்சி 6 வாரம் கால்விரல் தரையைத் தொடுற அளவுக்குத்தான். எலும்பு கூடுறது எக்ஸ்ரேயில தெரிஞ்ச பிறகுதான் முழு எடை. ‘வலிக்கலியே’ன்னு முன்னாடியே நடந்தா வெட்டின இடத்துக்குக் கீழ கீழெலும்பே உடையலாம்.

முதல் நாள்லேர்ந்து: கணுக்காலை மேலயும் கீழயும் ஆட்டுறது, மணிக்கு ஒருதடவை. முட்டிக்கு அடியில சுருட்டின துண்டு வெச்சு அதை அழுத்துற மாதிரி தொடையை இறுக்கி 5 எண்ணி விடுறது, 10 தடவை, ஒரு நாளைக்கு 5, 6 சுற்று. தொடை துடிக்கலன்னா பயப்படவேண்டாம், முட்டியில நீர் இருக்கிற வரைக்கும் தொடைத்தசை தூங்கும். அதனால ஐஸும் காலைத் தூக்கி வைக்கிறதும் சொகுசுக்கு இல்ல, தசையை எழுப்பத்தான். காலை நீட்டித் தூக்கும்போது முட்டி தொங்குச்சுன்னா (லேக்) பிரேஸைக் கழட்டி நடக்கக் கூடாது. தொங்காம 10 தடவை தூக்க வந்த பிறகுதான்.

மடக்கறது: 2 வாரத்துல 45–60, 6 வாரத்துல 90, 12 வாரத்துல முழுசு. முட்டிக்கு அடியில தலையணை வெச்சுத் தூங்கக் கூடாது. சுகமா இருக்கும், நீட்டுறது போயிடும்.

பாகாயம்_பிசியோ | 28-04-2025

கத்திரி ஆரம்பிக்கப் போகுது, அதனால இது தனியா. வேலூர் வெயில்ல பிரேஸுக்குள்ள வியர்த்துத் தோல் வெந்துபோய், புண் வந்து, அதுக்கப்புறம் பிரேஸையே தூக்கிப் போட்டவங்க உண்டு. உள்ள பருத்திக் குழாய்த்துணி, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மாத்துங்க. பவுடர் வேண்டாம், வியர்வையோட சேர்ந்து குழையும். உக்காந்திருக்கும்போது திறந்து காத்தாட விடலாம், நடக்கும்போதுதான் பூட்டு. பட்டை முட்டிக்கு வெளிப்பக்கம் கீழ உருண்டையா இருக்கிற எலும்பை அழுத்தினா பாதம் மரத்துப்போகும், அப்படின்னா அந்தப் பட்டையை உடனே தளர்த்தணும்.

கெண்டைக்கால் மட்டும் வீங்கி, இறுகி, அமுக்கினா வலிச்சா அதை வெயில் கணக்குல எழுதாதீங்க. அன்னைக்கே டாக்டர்.

மேல்விஷாரம்_வாசகர் | 11-05-2025

எனக்கும் ஜவ்வும் எலும்பும் ரெண்டும் செஞ்சிருக்கு, ஏறக்குறைய நாலு மாசம். மேடம், தொழுகைக்கு மண்டியிடலாமா? இந்தியன் டாய்லெட்?

பாகாயம்_பிசியோ | 11-05-2025

இப்போதைக்கு நாற்காலியில தொழுங்க பாய். மண்டியிடறதுல ரெண்டு தனிக் கேள்வி. ஒண்ணு மடங்குதா: 130 டிகிரி வலியில்லாம வந்திருக்கணும். ரெண்டு, ஸ்க்ரூ தலை தரையில குத்துதா: தோலுக்கு நேரடியாக் கீழ இருக்கிற ஸ்க்ரூ, மெலிஞ்சவங்களுக்கு நிச்சயம் குத்தும். தடிமனான விரிப்பு போட்டுக் கட்டில் மேல முதல்ல பழகுங்க, அப்புறம் தரை. குந்தி உக்கார்றது அதுக்கும் அப்புறம். சுவத்துல சாய்ஞ்சு பாதி குந்தி, முட்டி உள்பக்கம் சாயாம எழ வந்தாத்தான். அதுவரைக்கும் வெஸ்டர்ன் இல்லன்னா துளை நாற்காலி. சம்மணம் போடறது, குந்தறதைவிட முன்னாடியே வந்துடும்.

முட்டிமேஸ்திரி | 12-05-2025

ஸ்க்ரூ ரொம்பத் தொந்தரவுன்னா எலும்பு முழுசாக் கூடின பிறகு, வழக்கமா ஒரு வருஷம் கழிச்சு, எடுத்துடலாம். ரெண்டு 4.5 மி.மீ. ஸ்க்ரூ, சின்ன வேலை. எடுத்த துளை ஆறுற வரைக்கும் சில வாரம் ஓட்டம், குதிப்பு வேண்டாம்.

கபடி_கோச்_திருவலம் | 14-05-2025

பசங்க எப்போ மேட்ல இறங்கலாம்? 4 மாசம்னு ஒருத்தன் குதிக்கிறான்.

பாகாயம்_பிசியோ | 14-05-2025

ஜவ்வு மட்டும்னா நேர்க்கோட்டு ஓட்டம் 3, 4 மாசத்துல, அதுவும் வீக்கம் இல்லாம, தொடைச்சுற்றளவு மத்த காலைக் கிட்டத்தட்ட எட்டின பிறகு. கபடி 6 மாசத்துக்கு முன்னாடி பேச்சே வேண்டாம். மாசத்தைவிட இதைப் பாருங்க: 20 செ.மீ. படியிலேர்ந்து ஒத்தைக்கால்ல மெதுவா இறங்கும்போது முட்டி கட்டைவிரல் பக்கம் உள்ள சாயக் கூடாது. ஒத்தைக்கால் தாண்டல்ல ஆபரேஷன் கால் மத்ததோட 90 சதவீதம் தாண்டணும். ரெய்டர் காலை ஊன்றித் திரும்பறான் பாருங்க, அந்த முறுக்குதான் சில்லைத் தள்ளுற அதே அசைவு. தொடை மட்டும் பலமா இருந்து இடுப்பு வெளித்தசை பலவீனமா இருந்தா முட்டி உள்ளதான் விழும். பக்கவாட்டுல படுத்துக் காலைத் தூக்கற பயிற்சியைப் பசங்க ‘பொண்ணுங்க யோகா’ன்னு தள்ளுறாங்க. தள்ளவிடாதீங்க.

ஆற்காட்டான் | 14-05-2025

டெஸ்டுன்னா சோளிங்கர் மலைதான். 1,305 படி.

பாகாயம்_பிசியோ | 14-05-2025

ஏறுறது பரவாயில்ல, இறங்குறதுதான் சில்லுக்கு பாரம். ரோப்கார்லயே இறங்கச் சொல்லுங்க.

குடியாத்தத்தான் | 22-06-2025

120 வந்துடுச்சு, ஊன்றுகோல் இல்லாம நடக்கிறா. சில்லுக்குக் கீழ வெளிப்பக்கமா ஒரு உள்ளங்கை அளவு மரத்துக் கிடக்கு, தொட்டா துணி மேல தொடுற மாதிரி இருக்காம். இது ஏதாவது தப்பா?

முட்டிமேஸ்திரி | 22-06-2025

தப்பு இல்ல. தசைநாண் எடுக்கிற வெட்டு, எலும்பு நகர்த்துற வெட்டு ரெண்டுமே சாஃபினஸ் நரம்போட சில்லுக்கீழ்க் கிளையைத் தாண்டித்தான் போகும், அது குறுக்க ஓடுது. தோலுணர்ச்சி மட்டும்தான், தசைக்குச் சம்பந்தமில்ல. மாசக்கணக்குல ஓரத்துலேர்ந்து சுருங்கி வரும், சில பேருக்கு ஒரு ரூபாய் அளவு மிஞ்சும். அந்த இடத்துல வெந்நீர்ப் பை வைக்கவேண்டாம், சுட்டாலும் தெரியாது. தழும்பு மேல ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தட்டினா ஷாக் அடிக்கிற மாதிரி கீழ ஓடுச்சுன்னா மட்டும் காட்டுங்க, அது நரம்பு நுனி முடிச்சு போட்டிருக்கலாம்.